உங்க விசா யார் பேர்ல இருக்கு?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. தீசிஸ் என்ற பெயரில் ஆணி புடுங்கிக்கொண்டிருந்ததால் பதிவு எழுத நேரமே கிடைக்கலை. இன்னைக்கும் கைடு ஊருக்குப் போயிருக்கிற தைரியத்துலதான் உட்கார்ந்திருக்கேன் :-)

வளைகுடாவில் கொரோனா காலத்தைப் பத்தி நிறையப் பேர் எழுதியாச்சு. லேபர் கேம்ப், வேலை போனவங்க, வந்தே பாரத் விமானத்துக்குக் காத்துக் கிடந்தது, எல்லாமே எழுத வேண்டிய விஷயங்கள்தான். ஆனா இங்கே படிக்க வந்தவங்க என்ன ஆனாங்கன்னு யாரும் பெருசா சொன்ன மாதிரி தெரியலை. நம்ம ஊர்க்காரங்களுக்கு துபாய்னா வேலை, அவ்வளவுதான். துபாய்ல காலேஜ்ல படிக்கிறேன்னு சொன்னா, "அங்கே போய் யாராச்சும் படிப்பாங்களாடா?"ன்னு கேட்கிற பெரியப்பா எல்லா வீட்லயும் ஒருத்தர் இருக்கார்.

2020 மார்ச்சில் நான் துபாய் அகாடமிக் சிட்டியில் ஒரு கல்லூரியில் இளநிலை இரண்டாம் ஆண்டு. இப்போ அபுதாபியில் முதுநிலை. அந்தப் பழைய கல்லூரியின் பெயரைக் கேட்காதீங்க, இன்னும் ஒரு சான்றிதழ் அவங்ககிட்டேர்ந்து வாங்க வேண்டியிருக்கு. நான் பார்த்ததையும், கூடப் படிச்சவங்க பட்டதையும், இந்த ஊர் அரசாங்கங்கள் அப்பப்போ போட்ட உத்தரவுகளையும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

பெருந்தொற்று நேரத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் எப்படி உதவின என்று பேச ஆரம்பிச்சா, எல்லாரும் ஆன்லைன் வகுப்பு, கவுன்சிலிங், லேப்டாப் இரவல் என்றுதான் ஆரம்பிப்பாங்க. அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் அது சரியா இருக்கலாம். வளைகுடாவில் முதல் கேள்வியே வேற. உங்க விசா யார் பேர்ல இருக்கு?

தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். இங்கே யாரும் தானா வந்து குடியிருக்க முடியாது, ஒரு ஸ்பான்சர் வேணும் (கோல்டன் விசா மாதிரி சில விலக்குகளை விட்டுடுங்க). வேலை பார்க்கிறவங்களுக்குக் கம்பெனி. மாணவர்கள்ல ரெண்டு வகை. ஊர்லேர்ந்து நேரா படிக்க வந்தவங்களுக்குக் கல்லூரிதான் ஸ்பான்சர். வருஷா வருஷம் புதுப்பிக்கணும், மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி எல்லாத்துக்கும் கல்லூரியின் பி.ஆர்.ஓ. கையெழுத்து. இன்னொரு வகை, இங்கேயே வளர்ந்த பிள்ளைங்க. அவங்க அப்பாவின் விசாவில் தொங்கிக்கிட்டிருப்பாங்க. அப்போ இருந்த விதிப்படி பொண்ணுன்னா கல்யாணம் ஆகிற வரைக்கும் அப்பா ஸ்பான்சர் பண்ணலாம். பையன்னா 18 வயசோட சரி, அதுக்கு மேல படிக்கிறான்னு கல்லூரி கடிதம் கொடுத்தால்தான் ஒவ்வொரு வருஷமா நீட்டுவாங்க. 2022 அக்டோபரில்தான் பையன்களுக்கும் 25 வயசு வரைன்னு மாத்தினாங்க.

பி.ஆர்.ஓ.ன்னா ஊர்ல மக்கள் தொடர்பு அதிகாரி. இங்கே அவர் வேற ஜாதி. கையில ஒரு பை, அதுல நாற்பது பாஸ்போர்ட், காலையில இமிக்ரேஷன், மத்தியானம் டைப்பிங் சென்டர். வைஸ் சான்சலர் பேரு தெரியாத மாணவனுக்கும் பி.ஆர்.ஓ. நம்பர் மனப்பாடமா இருக்கும். 2020இல் அது ஏன்னு எல்லாருக்கும் புரிஞ்சுது.

தேதிகளை வரிசையா பாருங்க. மார்ச் 3ஆம் தேதி அமீரகக் கல்வி அமைச்சகம், 8ஆம் தேதி ஞாயிறு முதல் நாலு வாரத்துக்கு எல்லாப் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடல்னு அறிவிச்சுது. (அப்போ இங்கே ஞாயிறுதான் வாரத்தின் முதல் வேலைநாள். சனி ஞாயிறு விடுமுறை வந்தது 2022 ஜனவரியில்.) அந்த நாலு வாரத்தில் முதல் ரெண்டு வாரம் வசந்த கால விடுமுறையை முன்னாடி இழுத்துப் போட்டது. மீதி ரெண்டு வாரம் வீட்டிலிருந்தே பாடம். மாணவன் புத்தி எப்படி வேலை செய்யும்? விடுமுறை வந்தாச்சு, டிக்கெட் மலிவு, ஹாஸ்டலில் உட்கார்ந்து என்ன செய்ய? பாதிப் பேர் பெட்டியைக் கட்டிட்டு ஊருக்குக் கிளம்பிட்டாங்க.

17ஆம் தேதி புது விசா கொடுக்கிறது நின்னுச்சு. 19ஆம் தேதி அதைவிடப் பெரிய அடி: செல்லுபடியாகும் குடியிருப்பு விசா கையில் வெச்சிருக்கிறவங்களும் வெளியே இருந்தா உள்ளே வர முடியாது. இந்தியா தன் பங்குக்கு 18ஆம் தேதியிலேர்ந்து அமீரகம், கத்தார், ஓமன், குவைத்திலேர்ந்து வர்றவங்களுக்கு 14 நாள் தனிமைன்னு சொல்லி, 22ஆம் தேதி சர்வதேச விமானங்களை மொத்தமா நிறுத்திடுச்சு. 8ஆம் தேதி கிளம்பினவனுக்கும் கதவு மூடினதுக்கும் நடுவில் பதினோரு நாள். கத்தார் இன்னும் வேகம். மார்ச் 9ஆம் தேதியே இந்தியா உட்பட 14 நாடுகளிலிருந்து யாரும் வரக்கூடாதுன்னு சொல்லிட்டு, மறுநாள் பல்கலைக்கழகங்களை மூடிட்டாங்க.

மார்ச் 30ஆம் தேதி, கல்வியாண்டு முடியிற வரைக்கும் ஆன்லைன்தான்னு அமீரகம் சொன்னப்போ, எங்க வகுப்பில் பலர் அதிராம்பட்டினத்திலும் கோழிக்கோட்டிலும் கராச்சியிலும் லாகோஸிலும் உட்கார்ந்திருந்தாங்க. புத்தகம், லேப் நோட்டு, சில பேருக்கு லேப்டாப்பே துபாய் ஹாஸ்டல் அலமாரியில். ஊருக்குப் போனவங்களுக்கு ஒரே ஆறுதல், நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான். இங்கே காலை எட்டு மணி வகுப்புன்னா தஞ்சாவூரில் ஒன்பதரை, இட்லி சாப்பிட்டுட்டே கேட்கலாம். அமெரிக்காவில் படிச்சவங்க ஊருக்கு வந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பாடம் கேட்டாங்களே, அந்தக் கொடுமை நமக்கு இல்லை. ஆனா கரெண்டு போறதை யாரும் டைம்டேபிள்ல போடலை. கேமரா வெச்சுக் கண்காணிக்கிற தேர்வில், நடுவில் இணைப்பு துண்டிச்சா காப்பியடிச்சதா சந்தேகப்படும் அந்த மென்பொருள். எங்க கல்லூரி முதல் தேர்வில் கறாரா நின்னுச்சு. ரெண்டாவது தேர்வுக்குள்ள நிறையப் பேர் சண்டை போட்டதால், இணைப்பு போனா வாய்மொழித் தேர்வுன்னு இறங்கி வந்தாங்க.

அமீரகத்துக்குள்ள இருந்தவங்களுக்கு ஒரு விசித்திரமான சலுகை கிடைச்சுது. இங்கே இணையம் வழியா குரல் அழைப்பு, வீடியோ அழைப்பு எல்லாம் பல வருஷமா கட்டுப்பாடு. வாட்ஸப்பில் அம்மாகிட்ட எழுதலாம், பேச முடியாது. வகுப்பு நடத்தணும்னு வந்ததும் தொலைத்தொடர்பு ஆணையம் ஜூம், டீம்ஸ், பிளாக்போர்டு மாதிரி செயலிகளைத் திறந்துவிட்டுச்சு. வீட்டில் இணையம் இல்லாத குடும்பங்களுக்குப் படிப்புக்காக இலவச மொபைல் டேட்டாவும் கொடுத்தாங்க. நாங்க என்ன பண்ணினோம்னு சொல்லவா வேணும்? கல்லூரி கொடுத்த கணக்கில் ராத்திரி எல்லார் வீட்டு அம்மாக்களும் வந்து உட்கார்ந்தாங்க. என் அம்மா ஜூமில் முதல் தடவை வந்தப்போ கேட்டது, "என்னடா எல்லாரும் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி கட்டம் கட்டமா இருக்கீங்க?"

ஹாஸ்டலில் தங்கினவங்க கதைக்கு வர்றேன். நானும் அதில் ஒருத்தன். ஏப்ரல் 4ஆம் தேதி ராத்திரியிலேர்ந்து துபாயில் 24 மணி நேரக் கிருமிநீக்க ஊரடங்கு. மளிகை வாங்கப் போகணும்னாலும் போலீஸ் இணையதளத்தில் அனுமதி எடுக்கணும், மெட்ரோவும் நின்னுடுச்சு. அகாடமிக் சிட்டி தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அது ஊருக்கு வெளியே, பாலைவனத்துக்குப் பக்கம். நல்ல நாளிலேயே ஒரு முடிவெட்டணும்னா பஸ் பிடிக்கணும். எங்க ஹாஸ்டலில் மிச்சம் இருந்தவங்களை ரெண்டு மாடிக்குள்ள சேர்த்தாங்க, ஆளுக்கு ஒரு அறை. மெஸ் மூடி, சாப்பாடு பொட்டலமா கதவுக்கு வெளியே வந்தது. வார்டன் ஒரு மலையாளி சேட்டன். அவரும் குடும்பத்தை ஊர்ல விட்டுட்டு மாட்டிக்கிட்டவர்தான். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒவ்வொரு கதவா தட்டி, "ஜீவனோட உண்டோ?"ன்னு கேட்டுட்டுப் போவார். கல்லூரியிலேர்ந்து அதே நேரத்தில் மூச்சுப்பயிற்சி பண்ணுங்க, நன்றி சொல்லும் நாட்குறிப்பு எழுதுங்கன்னு அழகழகா மின்னஞ்சல் வரும். யாரோ சம்பளம் வாங்கிட்டு சிரத்தையா எழுதினது, குறை சொல்லலை. ஆனா எங்க மாடியில் ஒரு நைஜீரியப் பையன் மூணு நாளா சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுக்கவே இல்லைன்னு கண்டுபிடிச்சது அந்தச் சேட்டன்தான். கவுன்சிலர்கிட்ட அவனைப் பேச வெச்சதும் அவர்தான். கவுன்சிலர் நல்லாவே பார்த்துக்கிட்டாங்க. அவங்ககிட்ட போய்ச் சேர்றதுக்கு நடுவில் ஒரு மனுஷன் தேவைப்பட்டார்.

ஹாஸ்டல் வாடகைதான் பெரிய சண்டை. ஊருக்குப் போய் மாட்டிக்கிட்டவங்க பொருள் அறையில் இருக்கு, ஆள் இல்லை. வாடகை உண்டா இல்லையா? இந்தப் பக்கம் நிறைய ஹாஸ்டல் கல்லூரிக்குச் சொந்தமில்லை, தனியார் நடத்துறது. கல்லூரி ஹாஸ்டலைக் கைகாட்டும், ஹாஸ்டல் ஒப்பந்தத்தைக் கைகாட்டும். எங்களுக்குக் கடைசியில் பாதி வாடகையை அடுத்த வருஷக் கணக்கில் கழிச்சாங்க. அடுத்த வருஷம் திரும்பி வராதவங்களுக்கு அதுவும் இல்லை.

மே 7ஆம் தேதி வந்தே பாரத் தொடங்கிச்சு. முதல் நாள் அபுதாபியிலேர்ந்து கொச்சி, துபாயிலேர்ந்து கோழிக்கோடு. ஓரிரு நாளில் சென்னைக்கும் வந்தது. தூதரகத்தில் பதிவு பண்ணும்போது காரணம் கேட்பாங்க: கர்ப்பிணி, நோயாளி, வேலை இழந்தவர், மாணவர். வரிசையில் எங்களுக்கும் ஒரு இடம் இருந்தது. ஆனா கேரளாவுக்குப் போன விமானங்களோட ஒப்பிட்டா தமிழ்நாட்டுக்கு வந்தது குறைவு. அந்த ஆதங்கத்தில் எங்க மாடியில் ரெண்டு பேர் கொச்சி விமானத்தில் ஏறி, அங்கேயே தனிமையில் இருந்து, இ-பாஸ் வாங்கி வாளையார் வழியா வீடு போய்ச் சேர்ந்தாங்க.

இனிமேதான் நான் சொல்ல வந்த முக்கியமான கதை.

என் வகுப்புத் தோழன் ஒருத்தன், கீழக்கரை. பிறந்ததே இங்கேதான். அவன் வாப்பாவுக்கு தேராவில் ஒரு டிரேடிங் கம்பெனியில் இருபது வருஷ வேலை. மார்ச் 31ஆம் தேதி தேராவில் அல் ராஸ் பகுதியை மொத்தமா அடைச்சாங்க, நாயிஃப் பக்கமும் கட்டுப்பாடு. திறந்தப்போ வியாபாரம் இல்லை. ஜூனில் வாப்பாவுக்கு வேலை போச்சு.

வளைகுடாவில் வேலை போனா சம்பளம் மட்டும் போறதில்லை. அவர் விசாவை ரத்து பண்றதுக்கு முன்னாடி, அவரை நம்பி இருக்கிற மனைவி மக்கள் விசாவை முதலில் ரத்து பண்ணணும். அதுதான் வரிசை. அப்போ சாதாரண நாள்ல அதுக்கப்புறம் முப்பது நாள் அவகாசம் இருந்தது. தொற்றுக் காலத்தில் அரசாங்கம் தளர்த்தித்தான் வெச்சிருந்தது. மார்ச் 1க்கு அப்புறம் முடிஞ்ச விசா எல்லாம் டிசம்பர் வரைக்கும் செல்லும்னு முதல்ல சொன்னாங்க. ஜூலையில் அந்த முடிவைத் திரும்ப எடுத்துட்டு, குறிப்பிட்ட கெடுவுக்குள்ள புதுப்பிச்சுக்கோங்கன்னாங்க. ஆக ஜூலையில் அவன் நிலைமை: ரெண்டாம் வருஷம் முடிஞ்சிருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி, வீட்டில் வருமானம் இல்லை, குடும்பம் கீழக்கரைக்குக் கிளம்புது, இவன் பேரில் விசா இல்லாமல் போகப்போகுது. ஊருக்குப் போய் மூணாம் வருஷத்தில் சேர்த்துக்கிற கல்லூரி கிடைக்குமான்னா, நம்ம ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கும் வெளிநாட்டுப் பாடத்திட்டத்துக்கும் கிரெடிட் கணக்குப் பொருத்தி எடுக்கிறதுக்குள்ள தாடி நரைச்சிடும்.

இவனுக்கு இருந்த ஒரே வழி, அப்பா விசாவிலேர்ந்து கல்லூரி விசாவுக்கு மாறுறது. கல்லூரிக்கு அது சும்மா ஒரு கையெழுத்து கிடையாது. ஸ்பான்சர்னா பொறுப்பு. பையன் ஓடிப்போனாலோ கெடு தாண்டித் தங்கினாலோ கேள்வி அவங்களைத்தான் கேட்பாங்க. அதனால டெபாசிட் கேட்பாங்க, அந்த செமஸ்டர் கட்டணம் முழுசா கட்டியிருக்கணும்பாங்க. அவன்கிட்ட ரெண்டும் இல்லை.

முதல்ல நிதிப் பிரிவு முடியாதுன்னுதான் சொல்லுச்சு. அப்புறம் அந்தப் பி.ஆர்.ஓ. (பாகிஸ்தான்காரர், பெஷாவர் பக்கம்) மாணவர் நலப் பொறுப்பில் இருந்த மேடத்தைக் கூட்டிக்கிட்டு நிதிப் பிரிவில் போய் உட்கார்ந்தார். மேடம் மதிப்பெண் பட்டியலைக் காட்டினாங்க, அவர் விசா கெடுவைக் காட்டினார். கட்டணத்தைத் தவணையா பிரிச்சாங்க, டெபாசிட்டைப் பாதியாக்கினாங்க. தவணைக்குப் பின்தேதியிட்ட காசோலை வேணும். அப்போ இங்கே காசோலை திரும்பினா வழக்கு, ஜெயில் வரைக்கும் போகலாம். பெரும்பாலான கேஸ்களில் அதைக் குற்றம்ங்கிற பட்டியலிலேர்ந்து எடுத்தது 2022 ஜனவரியில்தான். ஊருக்குப் போற வாப்பா கையெழுத்து போட முடியாது. அல் அய்னில் மளிகைக்கடையில் வேலை பார்த்த அவன் மாமா, "படிக்கிற புள்ளை, விடு"ன்னு சொல்லி நாலு செக்கில் கையெழுத்து போட்டார். அந்த நாலில் ஒண்ணு திரும்பியிருந்தாலும் அவர் வாழ்க்கை போயிருக்கும். நல்லவேளை, ஒண்ணும் திரும்பலை. 2022இல் படிப்பை முடிச்சு இப்போ ஜெபல் அலியில் வேலையில் இருக்கான்.

அதே வருஷம், அதே நிலைமையில் இன்னொரு பொண்ணு. வேற கல்லூரி. அங்கே இப்படி யாரும் போய் உட்காரலை. கட்டண பாக்கி இருக்கிற வரை மதிப்பெண் பட்டியல் கிடையாதுன்னுட்டாங்க. குடும்பத்தோட ஊருக்குப் போனவ, மதுரையில் ஒரு கல்லூரியில் மறுபடி முதல் வருஷத்திலேர்ந்து ஆரம்பிச்சா. சட்டப்படி அந்தக் கல்லூரி பண்ணினது தப்பான்னா இல்லைதான். கொரோனாவில் வெளிநாட்டு மாணவர் ஆதரவுன்னு அந்தக் கல்லூரியின் விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவ ஞாபகம் வரும்.

ஏன் இப்படி கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம்னு யோசிச்சா, காசு எங்கேர்ந்து வருதுங்கிறதில்தான் போய் முட்டுது. சவுதியில் ஜித்தாவுக்கு வடக்கே துவலில் இருக்கிற காஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ற எல்லாருக்கும் கட்டணம் கிடையாது, உதவித்தொகை, வீடு, மருத்துவம் எல்லாம் உண்டு. செங்கடல் ஓரத்தில் தனி ஊர் மாதிரி வளாகம். வெளியே ஊரடங்குன்னாலும் உள்ளே தலைக்கு மேல கூரை போகாது. அபுதாபி மஸ்தார் சிட்டியில் செயற்கை நுண்ணறிவுக்குன்னே தொடங்கின முகமது பின் சயீத் பல்கலைக்கழகமும் முழு உதவித்தொகை ரகம். 2020 இலையுதிர்காலத்தில் சேர வேண்டிய முதல் அணியை 2021 ஜனவரிக்குத் தள்ளிவெச்சு ஆரம்பிச்சாங்க. அரசு பணம் பின்னாடி இருக்கிறதால அப்படித் தள்ளிவைக்க முடிஞ்சுது. அகாடமிக் சிட்டியில் இருக்கிற கிளை வளாகங்கள் அப்படி இல்லை. இந்தியா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவிலேர்ந்து வந்து பெரும்பாலும் மாணவர் கட்டணத்தை நம்பியே ஓடுற இடங்கள். மாணவன் கட்டலைன்னா வாத்தியாருக்குச் சம்பளம் இல்லை, அந்த வாத்தியார் விசாவும் அதே கல்லூரி பேரில்! எங்க வாத்தியார்கள்ல ரெண்டு பேர் அந்த வருஷம் ஊருக்குப் போனவங்க திரும்பலை.

குவைத் வேற பாதையில் போச்சு. குவைத் பல்கலைக்கழகத்தில் மார்ச்சிலேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் படிப்பையே நிறுத்தி வெச்சு, அப்புறம்தான் ஆன்லைனில் ஆரம்பிச்சாங்க. அவசரமா ஆரம்பிச்சு அரைகுறையா நடத்துறதைவிட இது நியாயம்னு சொல்றவங்க உண்டு. அரை வருஷம் போச்சேன்னு அழுதவங்களும் உண்டு. நாள் ஓடினா விசா பணம் ஓடுற வெளிநாட்டு மாணவனுக்கு ரெண்டாவது கட்சியில் சேரத்தான் தோணும்.

மத்த நாடுகளைப் பார்த்தா வளைகுடாவை ஒரேயடியா திட்டவும் மனசு வரலை. 2020 ஏப்ரல் 3ஆம் தேதி ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மோரிசன், தங்களைத் தாங்களே பார்த்துக்க முடியாத வெளிநாட்டு மாணவர்கள் ஊருக்குக் கிளம்பலாம்ங்கிற தொனியில் பேசினார். அமெரிக்காவில் ஜூலை 6ஆம் தேதி, முழுக்க ஆன்லைனில் படிக்கிற வெளிநாட்டு மாணவர் நாட்டில் இருக்கக் கூடாதுன்னு உத்தரவு. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் கோர்ட்டுக்குப் போனதால் 14ஆம் தேதியே வாபஸ். சீனாவில் மருத்துவம் படிச்ச நம்ம பிள்ளைங்களுக்கு மாணவர் விசா மறுபடி கிடைச்சது 2022 ஆகஸ்டில். ரெண்டரை வருஷம்! உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் டாக்டர் படிப்பு. அந்தப் பக்கம், 2020 மார்ச் 4ஆம் தேதி சீனாவின் ஹூபே மாகாணத்திலேர்ந்து பல நாட்டுக்காரங்க 215 பேரை அமீரகம் தன் விமானத்தில் அழைச்சு வந்து அபுதாபியில் மனிதாபிமான நகரம்னு ஒரு இடத்தில் வெச்சுப் பார்த்துக்கிச்சு. அதில் யேமன் மாணவர்கள் பலர். மனசு வெச்சா முடியுதுன்னு தெரியுது. அதே மாசம்தான் தன் விசாவே வெச்சிருக்கிறவங்களுக்குக் கதவை மூடினதும்.

திரும்பி வந்தது தனிப் பாடு. 2020 ஜூன் 22 முதல் துபாய் விசாக்காரங்க அனுமதி வாங்கிட்டுத் திரும்பலாம்னாங்க. இந்தியாவிலேர்ந்து விமானம் வேணுமே? ஜூலை 12லிருந்து 26 வரைக்கும் ரெண்டு நாடும் பேசி ஒரு ஜன்னல் திறந்தாங்க. இணையதளத்தில் ஐடி நம்பரைப் போட்டா பச்சை வரணும். ஏன் பச்சை, ஏன் சிவப்புன்னு யாருக்கும் தெரியாது. எங்க பி.ஆர்.ஓ. சிவப்பு வந்த மாணவர்கள் பட்டியலை ஒரு தாளில் எழுதி வெச்சுக்கிட்டு, தினமும் காலையில ஒவ்வொருத்தருக்கா மறுபடி விண்ணப்பிப்பார். ஆறு மாசத்துக்கு மேல வெளியே இருந்தா விசா தானா செத்துப்போற விதியை அப்போ தளர்த்தியிருந்தாங்க. இல்லைன்னா பாதி வகுப்பு காலி.

2021இல் மறுபடியும். இந்தியாவில் ரெண்டாவது அலை, ஏப்ரல் 24 நள்ளிரவோட அமீரகம் இந்தியப் பயணிகளுக்குக் கதவை மூடிடுச்சு. இந்தத் தடவை ஊசி ஒரு சிக்கல். கோவாக்சின் போட்டவங்களை இங்கே ஏத்துக்கலை. கோவிஷீல்டுன்னா ரெண்டாவது ஊசிக்கு 84 நாள் காத்திருக்கணும்னு இந்திய விதி. ஜூன் 7ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம், வெளிநாடு போற மாணவர்களுக்கு 28 நாளிலேயே ரெண்டாவது ஊசி போடலாம், சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கலாம்னு விலக்கு கொடுத்தது. அதுக்குச் சேர்க்கைக் கடிதம் காட்டணும். கடிதம் ஒரே நாளில் அனுப்பின கல்லூரியும் உண்டு. வாரக்கணக்கில் இழுத்து, கெடு முடிஞ்ச பிறகு அனுப்பினதும் உண்டு.

ஆகஸ்ட் 5 முதல் உள்ளே வரலாம்னு அமீரகம் சொன்ன பட்டியலில், ஊசி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் வரலாம்னு சில வகையினர்: மருத்துவப் பணியாளர், ஆசிரியர், அப்புறம் இங்கே படிக்கும் மாணவர். அந்த அறிவிப்பைப் படிச்சப்போ எங்க வாட்ஸப் குழுவில் வெடி வெடிக்காத குறை. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையா யாரோ ஒருத்தர் உத்தரவு எழுதும்போது மாணவன்னு ஒரு ஜீவன் இருக்கிறதை ஞாபகம் வெச்சிருக்காங்க. சென்னை ஏர்போர்ட்டில் விமானம் ஏறுறதுக்கு முன்னாடி ரேப்பிட் பி.சி.ஆர்.னு சில ஆயிரம் ரூபாயை உருவினாங்க, அது வேற விஷயம்.

இப்போ நிலைமை பரவாயில்லை. பையன்களுக்கு 25 வயசு விதி வந்தது பெரிய நிம்மதி. வசதி இருக்கிற வெளிநாட்டு மாணவர் தன் குடும்பத்தையே அழைச்சுக்கலாம்னு 2021 ஜனவரியில் அமைச்சரவை முடிவெடுத்தது. நல்ல மதிப்பெண் வாங்கினா கோல்டன் விசாவும் உண்டு. எனக்கு அந்த மதிப்பெண் இல்லைங்கிறதை இங்கேயே சொல்லிடறேன். அப்பா வேலை போனா பையன் விசா என்ன ஆகும்ங்கிற கேள்வி மட்டும் 2020இல் இருந்த இடத்திலேயே இருக்கு. எந்தக் கல்லூரி நோட்டீஸிலும் அதுக்குப் பதில் அச்சடிச்சு நான் பார்த்ததில்லை.

ஊர்ல யாராச்சும் பிள்ளைங்களை இந்தப் பக்கம் படிக்க அனுப்புறதா இருந்தா, ரேங்கிங் எல்லாம் கேளுங்க, கூடவே இதையும் கேளுங்க: நடுவில் ஸ்பான்சர் மாறணும்னா விசாவைக் கல்லூரி எடுத்துக்குமா, டெபாசிட் எவ்வளவு, கட்டண பாக்கி இருந்தா மதிப்பெண் பட்டியல் தருவாங்களா, ஹாஸ்டல் யாருக்குச் சொந்தம். கேட்டதும் மார்க்கெட்டிங் ஆள் முகம் மாறும். பரவாயில்லை, பி.ஆர்.ஓ.கிட்ட பேசணும்னு சொல்லுங்க.

ஓமன், பஹ்ரைன் பக்கம் அந்த ரெண்டு வருஷம் படிச்சவங்க யாராச்சும் இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே. அங்கே என்ன நடந்துச்சுன்னு எனக்கு நேரடியா சொல்ல ஆள் கிடைக்கலை. கைடு வியாழக்கிழமை வர்றார், அதுக்குள்ள எழுதினா பதில் போட வசதியா இருக்கும்.